வியட்நாமிய மரபு உணவுகள்

வியட்நாமின் மரபுச் சமையல் அரிசி, மீன், பச்சிலை ஆகிய மூன்றை அடித்தளமாகக் கொண்டது. வடக்கில் செவ்வாற்றுப் படுகையும் தெற்கில் மீகாங் கழிமுகமும் நாட்டின் நெற்களஞ்சியங்கள். இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது கடற்கரை. தாளிப்பும் அரைத்த மசாலாவும் இங்கே குறைவு. சமைப்பவர் முக்கால் பங்கு முடித்துத் தருவதை உண்பவர் தம் கிண்ணத்தில் முடித்துக்கொள்கிறார்: இலை கிள்ளிப் போடுவதும் எலுமிச்சை பிழிவதும் சாறு தொட்டுக்கொள்வதும் அவர் பொறுப்பு.

அந்தச் சாறுதான் நூக் மாம். சுமார் மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் கலந்து, பெரிய மரத்தொட்டிகளில் ஏறத்தாழ ஓராண்டு நொதிக்க விடுகிறார்கள். மீனின் புரதம் மெல்லச் சிதைந்து செம்பழுப்பு நிறச் சாறாக இறங்குகிறது. தொட்டியின் அடியிலுள்ள துளை வழியே முதலில் வடிவதே உயர்தரம். பின்னர் உப்புநீர் ஊற்றி வடிப்பவை அதற்குக் கீழ். லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதை வைத்துத் தரம் குறிக்கிறார்கள். ஃபூ குவோக் தீவும் ஃபான் தியெத் நகரமும் இதற்குப் பேர்போனவை. ஃபூ குவோக்கின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. தனியாக முகர்ந்தால் கருவாட்டு நெடி தூக்கலாகத்தான் இருக்கும். தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகாய் சேர்த்து நூக் சாம் ஆக்கியதும் அந்த நெடி அடங்கி, புளிப்பும் இனிப்பும் உவர்ப்பும் ஒன்றாக எழுகின்றன.

உலகறிந்த ஃபோ வடக்கில், ஹனோய்–நாம் தின் வட்டாரத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. மாட்டெலும்பைப் பல மணி நேரம் சிறுதீயில் வேகவைத்து, தணலில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும், அன்னாசிப்பூ, பட்டை, பெரிய ஏலக்காய் ஆகியவையும் சேர்க்கிறார்கள். தளதளவெனக் கொதித்தால் சாறு கலங்கிவிடும். தெளிவுதான் சமைப்பவரின் கைத்திறனுக்குச் சான்று. தட்டையான அரிசி நூடுல்ஸின் மேல் மெல்லிய இறைச்சித் துண்டுகளைப் பரப்பி, சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள். 1954இல் நாடு பிரிந்தபோது தெற்கே குடிபெயர்ந்த வடக்கத்தியரால் ஃபோ அங்கே பரவலானது. ஹனோயில் வெங்காயத்தாளோடு நின்ற கிண்ணம், சைகோனில் பயறு முளையும் துளசி வகை இலைகளும் நிறைந்ததாயிற்று.

நடுப்பகுதியில் ஹுவே, 1802 முதல் 1945 வரை நுயென் அரச மரபின் தலைநகர். அங்கே காரம் கூடுதல். பூன் போ ஹுவே என்னும் மாட்டிறைச்சி நூடுல்ஸுக்கு மணம் தருபவை எலுமிச்சைப்புல்லும் புளிக்கவைத்த இறால் விழுதும்.

தெற்கின் காஞ் சுவா தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாது: புளிக்கரைசலில் விரால் மீன், அன்னாசி, தக்காளி, வெண்டைக்காய், சேம்பு வகைத் தண்டு. அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து வார்க்கும் பான் செயோவுக்கு, மாவு சட்டியில் விழும்போது எழும் ‘செயோ’ ஓசையே பெயர். தோசைபோல் தெரிந்தாலும் மாவைப் புளிக்க வைப்பதில்லை. உள்ளே இறால், பன்றியிறைச்சி, பயறு முளை வைத்து மடித்ததைப் பிய்த்து, இலையில் சுருட்டி, நூக் சாமில் தொட்டு உண்கிறார்கள்.

சந்திரப் புத்தாண்டான தேத் திருநாளுக்கு வடக்கில் பான் சுங் கட்டாயம். ஒட்டும் அரிசிக்குள் பாசிப்பருப்பும் பன்றியிறைச்சியும் வைத்து, ‘லா யோங்’ இலையில் சதுரமாகக் கட்டி, பத்து மணி நேரத்துக்கு மேல் வேகவைப்பார்கள். சதுரம் பூமியைக் குறிப்பது. ஹுங் மன்னரின் மகன் லாங் லியெவ் படைத்த பண்டம் என்பது தொன்மக் கதை. தெற்கில் இதன் உறவான பான் தெத், வாழையிலையில் உருளையாகக் கட்டப்படுகிறது.

தெற்கத்திய வீடுகளில் ‘கா ரி’யும் உண்டு, பெயரின் வேர் தமிழின் ‘கறி’. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர் பலர் சைகோனில் குடியேறினர். அங்குள்ள மாரியம்மன் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. வியட்நாமியக் கோழிக் கா ரியில் கறிப்பொடியோடு தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளி அல்லது உருளைக்கிழங்கு சேரும். அதில் பிரெஞ்சு வழி வந்த நீள ரொட்டியைத் தோய்த்து உண்பார்கள். உவர்ப்புக்கு அதிலும் நூக் மாம்தான்.