சுழல் இராட்டினமும் சக்கர நாற்காலியும்

பள்ளிச் சுற்றுலாவில் கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றால், சக்கர நாற்காலியில் வரும் மாணவர் பைகளுக்குக் காவலராகி விடுகிறார். செந்தூலில் ஆசிரியப் பணியாற்றும் நான் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்குறையோர் சட்டம், 32ஆவது பிரிவில் பொழுதுபோக்கையும் உரிமையாக ஏற்றது. ஆயினும் 26ஆவது பிரிவு, பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமைக்குப் 'பாதுகாப்பு' என்னும் விலக்கை வைத்தது. மீறுவோர்க்குத் தண்டனையும் அன்று விதிக்கப்படவில்லை.

2010இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் பூங்கா திறக்கப்பட்டது. நாற்காலியோடு ஏறக்கூடிய இராட்டினமும் ஊஞ்சலும் அங்கே உண்டு. பாதுகாப்பை வடிவமைப்பிலேயே உண்டாக்கலாம் என்பதை அது மெய்ப்பித்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! முன்பதிவு செய்யுமுன், எந்தெந்த விளையாட்டில் நம் பிள்ளை ஏறலாம் என்று எழுத்து மூலம் கேட்போம். பதில் தராத இடத்திற்கு வகுப்பையே அழைத்துச் செல்ல வேண்டாம்.