புலிகேசிக்கு வேறென்ன வேலை?

பள்ளிக்கூடத்தில 'பாளையக்காரர்' எனக்கு ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான். 2006-இல் சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யைப் போடியில் பார்த்தேன். சாதிச் சண்டைக்கு மைதானம் திறக்கிற, பயில்வான் உடம்பில் தன் தலையை வரைய வைக்கிற வடிவேலுவைப் பார்த்துத் தியேட்டரே உருண்டு சிரிச்சது.

அப்புறம்தான் உறைத்தது: மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை வந்திறங்கும் எங்க ஊரும் பாளையமாக இருந்து ஜமீனானதுதான். 1801-இல் கிளர்ச்சியை அடக்கிய கம்பெனி, பணிந்த பாளையங்களின் படையைக் கலைத்துவிட்டுக் கிஸ்தியை மட்டும் கேட்டது. இடுப்பில் வாள் இருக்கு, போடச் சண்டை இல்லை. ஓவியத்தில் வீரனாவதைத் தவிர புலிகேசிக்கு வேறென்ன வேலை? எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதை இப்படிப் புரியவைக்கவில்லை.

ஆனா ஒண்ணு. அதே படத்தில் வெள்ளைக்காரனை எதிர்க்கிற இரட்டைச் சகோதரனும் வடிவேலுதான். புலிகேசி வசனம் அத்தனையும் ஒப்பிப்பேன். அவன் பேசியதில் ஒரு வரிகூட ஞாபகமில்லை.