வைஷாலி, ஆர்.

ஆர். வைஷாலி (பிறப்பு: 21 ஜூன் 2001) சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற மூன்றாவது இந்தியப் பெண். சென்னையின் பாடியில் வளர்ந்தவர். தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கப் பெற்றோர் இவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆடக் கற்றார். ஆர். பி. ரமேஷ் இருவருக்கும் பயிற்சியளித்தார்.

2012இல் 12 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான உலகப் பட்டம் வென்றார். டிசம்பர் 2023இல் ஸ்பெயினில் 2500 தரப்புள்ளிகளைக் கடந்து கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தகுதி பெற்றார். உலகின் முதல் அக்கா–தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் என்ற பெருமை இருவரையும் சேர்ந்தது.

2024 டொராண்டோ மகளிர் கேண்டிடேட்ஸ் தொடர் இவரது மன உறுதிக்குச் சான்று. அடுத்தடுத்து 4 ஆட்டங்களில் தோற்றவர், கடைசி 5 ஆட்டங்களையும் வென்று இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் ஆடினார். மகளிர் கிராண்ட் ஸ்விஸ் பட்டத்தை 2023இலும் 2025இலும் வென்றார்.