எழுத்துப் பிசகாமல்

நம் உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் படித்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்துக்கு விதை போட்டது ஒரு வெளிநாட்டுப் பயணம்.

1947 கடைசியில் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போனார். ‘உரிய சட்ட நெறி’ இல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அப்போதைய வரைவு. அமெரிக்காவிடம் எடுத்த வாசகம்தான். அந்நாட்டு நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரோ, அது வேண்டாம் என்றார். மக்கள் பிரதிநிதிகள் போடும் சட்டத்தைச் சில நீதிபதிகள் ரத்து செய்ய அது இடம் கொடுக்குமாம்! பிறகு ஜப்பான் அரசமைப்பைப் பார்த்து ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று மாற்றினார்கள். 1948 டிசம்பர் விவாதத்தில் அம்பேத்கர் எந்தப் பக்கமும் சாயாமல், முடிவைச் சபைக்கே விட்டுவிட்டார்.

சோதனை 1950லேயே வந்தது. 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மீது, புதிய தடுப்புக் காவல் சட்டத்தில் சென்னை அரசு மறுபடி உத்தரவு போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சட்டம் என்றால் இயற்கை நீதியும் அதில் அடக்கம் என்று வாதாடினார் வக்கீல் எம்.கே. நம்பியார். தலைமை நீதிபதி கானியா, பதஞ்சலி சாஸ்திரி முதலானோர் ஏற்கவில்லை. சபை தெரிந்தே நீக்கியதை நீதிமன்றம் கொல்லைப்புறமாகக் கொண்டுவர முடியுமா?

எஸ்.ஆர். தாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கொதிக்கும் எண்ணெயில் போட்டுக் கொல்லும் தண்டனையை நாடாளுமன்றம் விதித்தாலும் தர்க்கப்படி ஆட்சேபிக்க முடியாது. விழிப்பான மக்கள் கருத்துதான் கடைசிக் காப்பு என்றார். ஃபசல் அலி மட்டும் இயற்கை நீதியின் பக்கம் நின்றார்.

அதே கறார் அரசையும் விடவில்லை. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூடச் சொல்லக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவை எல்லா நீதிபதிகளும் சேர்ந்து வெட்டினார்கள். ஆனாலும் கோபாலனுக்கு விடுதலை இல்லை.

அந்த நீதிபதிகளைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியவர்களின் நோக்கத்துக்கு அவர்கள் உண்மையாக இருந்தார்கள். விலையைச் சிறையில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற, அரசமைப்பின் 21ஆம் பிரிவு வாசகம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.