வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான ஆவணச் சான்றொப்பம் – தருமபுரி மாவட்டம்

ஒரு நாட்டின் அலுவலர் வழங்கிய சான்றிதழை வேறொரு நாடு நம்பி ஏற்பதற்காகச் செய்யப்படும் அரசுச் சரிபார்ப்பு, ஆவணச் சான்றொப்பம் எனப்படும். மக்கள் வழக்கில் இது 'அட்டெஸ்டேஷன்'. வளைகுடா வேலை, வெளிநாட்டு மேற்படிப்பு, குடும்ப விசா ஆகியவற்றுக்காகத் தருமபுரி மாவட்டத்தார் இதை நாடுகின்றனர்.

முன் வரலாறு

தருமபுரி, சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகாவாக இருந்த காலத்திலேயே இதன் தொடக்கத்தைக் காணலாம். மதராஸ் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிச் சென்ற முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் தமிழ் ஜில்லாக்களிலிருந்து ஆட்கள் கப்பலேறிக்கொண்டே இருந்தனர். அவர்களைக் குறித்த ஏடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடல் அடையாளம் ஆகியவை பதிவாயின. குடிபெயர்வோர் பாதுகாவலரின் ஒப்புதலின்றி எவரும் கப்பலேற முடியாது. சாமானியத் தமிழன் கடல் கடந்து கொண்டுபோன பழைய அரசுச் சான்றுகளில் இந்த ஒப்புதலும் ஒன்று. எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப்பெயர்கள் பல உருக்குலைந்தன. ஆனாலும் இன்று பூட்டன் ஊரைத் தேடிவரும் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு அந்த ஏடுகளே துணை.

இருபதாம் நூற்றாண்டில் முத்திரைகள் பெருகின. நோட்டரி, மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அந்நிய நாட்டுத் தூதரகம் என ஒருவர் கையெழுத்துக்கு அடுத்தவர் சாட்சி சொல்லும் சங்கிலி அது. இதைச் சுருக்கவே 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் ஒப்பந்தம் உருவாயிற்று. 1965 ஜனவரி 24 முதல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்ற ஆவணம், நிர்வாக ஆவணம், நோட்டரிப் பத்திரம், தனியார் பத்திரத்தின் மேல் இடப்பட்ட அரசுச் சான்று என நால்வகை ஆவணங்களுக்கு அது பொருந்தும். தூதரக அலுவலர் தாமே எழுதிய ஆவணங்களும், வணிகம், சுங்கம் தொடர்பான நேரடி நிர்வாகத் தாள்களும் விலக்கு. ஒப்பந்த நாடுகளுக்கிடையே 'அப்போஸ்டில்' என்னும் ஒரே சான்று போதும். ஒன்பது சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரமும் எண்ணிட்ட பத்து வரிகளும் அதன் மாதிரி வடிவம். கையெழுத்து யாருடையது, எந்தப் பதவியில் இட்டார், முத்திரை எவருடையது என்பவற்றை மட்டுமே அது உறுதி செய்கிறது. சான்றிதழில் உள்ள செய்தி உண்மையா என்பதற்கு அது பொறுப்பேற்காது.

இந்தியா 2004இல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் அமலானது. ஓமன் 2012இலும், சிங்கப்பூர் 2021இலும், சவூதி அரேபியா 2022இலும், கனடா 2024இலும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் ஆகியவை சேரவில்லை. அங்கே செல்வோருக்குப் பழைய சங்கிலியே நீடிக்கிறது.

தருமபுரி ஆவணங்கள்

மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஆகவே ஓசூரிலேயே பிறந்த தாத்தா, தந்தை, பேரன் மூவரின் பிறப்புச் சான்றுகளில் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என மூன்று மாவட்டங்கள் வருவதுண்டு. மூன்றும் சரியே. பட்டச் சான்றிதழிலும் இதே நிலை: சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தோன்றும்வரை இப்பகுதிக் கல்லூரி மாணவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகமே பட்டம் வழங்கியது.

பெரும் இடர் பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் 'மா. செல்வி' என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் 'செல்வி மாதப்பன்' ஆகிறார். கல்யாணமாகிப் புதுப்பித்தால் கணவர் பெயர் ஏறுகிறது. எத்தனை முத்திரை குத்தினாலும் இந்த முரண் தீராது. கிராமப் பிறப்புப் பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருப்பதில்லை. முதலில் அதைச் சேர்த்தாக வேண்டும். தாலி தீர்த்தமலைக் கோயிலில் கட்டினாலும் மண்டபத்தில் கட்டினாலும், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்து பெற்ற சான்றே செல்லும். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் வெறும் ஆதாரங்கள். லேமினேஷன் செய்த மூலச் சான்றிதழும் தொல்லை தரும்: முத்திரை மை பிளாஸ்டிக்கில் நிற்பதில்லை, உரித்தால் தாள் கிழிகிறது.

நடைமுறை

தனிநபர் ஆவணங்களுக்கு மாநில அரசின் உள்துறை அல்லது பொது நிர்வாகப் பிரிவும், கல்விச் சான்றுகளுக்குக் கல்வித்துறையும், வணிகத் தாள்களுக்கு வர்த்தக சபையும் முதலில் சான்றளிக்க, அதன்மேல் வெளியுறவு அமைச்சகம் சான்றளிக்கிறது. நோட்டரிக்குப் பின் டெல்லித் துணைக்கோட்ட நடுவரிடம் கையெழுத்து வாங்கும் வழியை ஏஜென்ட்டுகள் காட்டுவதுண்டு; மாநில அரசின் சான்றே முறையான வழி. 2012 முதல் அமைச்சகம் தாள்களைச் சேவை நிறுவனங்கள் வழியாகவே வாங்குகிறது. 2019 ஜனவரி முதல் சென்னையிலும் அப்போஸ்டில் கிடைக்கிறது. இணையவழிச் சரிபார்ப்புக்கு 'இ-சனத்' திட்டம் உள்ளது. ஆனாலும் தருமபுரியிலிருந்து சென்னை சுமார் 300 கி.மீ. தொலைவு.

அப்போஸ்டிலுக்கு ஆவணம் ஒன்றுக்கு அரசுக் கட்டணம் ரூ. 50, சாதாரணச் சான்றொப்பத்துக்கு அமைச்சகம் கட்டணம் வாங்குவதில்லை. சேவை நிறுவனக் கட்டணமும் தூதரகக் கட்டணமும் தனி. ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன் இவற்றைத் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.