கம்பளிக் குல்லா போடாவிட்டால் அபராதம்!

மதுராந்தகத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு கம்பளிக் குல்லாவைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். மார்கழி விடியற்காலையில் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள், எத்தனை தலைகள் குல்லாவோடு வருகின்றன என்று.

நான் சொல்ல வந்தது வரிவரியாக, மேடும் பள்ளமுமாக இருக்கும் சாதாரணக் குல்லாவைப் பற்றி. இந்தப் பின்னலுக்குத் திருப்பூரில் 'ரிப்' என்று பெயர். பின்னுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. 2 கண்ணி முன்பக்கம் வருகிற மாதிரி, அடுத்த 2 கண்ணி பின்பக்கம் போகிற மாதிரி போட்டுக்கொண்டே வட்டமாகச் சுற்ற வேண்டும். மொத்தக் கண்ணிகள் 4-ஆல் வகுபட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. உயரம் வந்ததும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போய், மிச்சம் இருப்பதற்குள் நூலைக் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டால் குல்லா தயார். தறித்துணிக்குப் பாவு, ஊடை என்று இரண்டு வரிசை நூல் வேண்டும். இதற்கு ஒரே நூல் போதும். மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று சுருங்கி நிற்பதால் எலாஸ்டிக் இல்லாமலே தலையைப் பிடித்துக்கொள்ளும்.

கம்பளிக் குல்லாவுக்காக இங்கிலாந்தில் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள், 1571-ல்! 6 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களிலும் இங்கிலாந்தில் பின்னிய கம்பளிக் குல்லாதான் போட வேண்டும். போடாவிட்டால் நாளுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் விலக்கு (அது எந்தக் காலத்திலும் மாறாது போல). குல்லா பின்னிப் பிழைத்தவர்களின் வயிற்றுப்பாட்டுக்காக வந்த சட்டம் இது. ஜனங்கள் மதிக்கவில்லை, 1597-ல் ரத்து செய்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில், 1589-ல், வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் மெஷினைக் கண்டுபிடித்தார். கையால் பின்னும் ஏழைகள் பிச்சைக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்று சொல்லி எலிசபெத் ராணி அவருக்குக் காப்புரிமை தர மறுத்ததாக ஒரு கதை உண்டு. லீ பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். அந்த மெஷினில் ஊசிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தவை. கண்ணி ஒரு பக்கமாகத்தான் விழும். ரிப் வேண்டுமானால் ஒவ்வொரு கண்ணியாகக் கையால் திருப்பிப் போட வேண்டும். சுமார் 170 வருடம் இப்படியே ஓடியது. 1758 வாக்கில் ஜெடெடியா ஸ்ட்ரட் என்பவர் இரண்டாவதாக ஒரு வரிசை ஊசிகளைச் சேர்த்த பிறகுதான் மெஷினுக்கு ரிப் பிடிபட்டது. 'டெர்பி ரிப்' என்று பெயர் வைத்து நன்றாகச் சம்பாதித்தார்.

காமர்ஸ் மாணவனான எனக்கு இதற்கு மேல்தான் விஷயம் சூடு பிடித்தது. அந்தப் பணம் எங்கே போனது தெரியுமா? ஆர்க்ரைட் என்பவரின் நூற்பு மெஷினுக்கு! கூட்டாளிகள் சேர்ந்து 1771-ல் குரோம்ஃபோர்டில் தண்ணீரில் ஓடும் பஞ்சு மில்லைத் தொடங்கினார்கள்.

அப்போது இங்கிலாந்தில் இன்னொரு உடைச் சட்டம் இருந்தது. 1721-ல் போட்டது. அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்றது. இந்தியத் துணிக்கு அங்கே அவ்வளவு மோகம், உள்ளூர்க் கம்பளிக்காரர்களுக்கு அவ்வளவு பயம். மதராஸில் ஆங்கிலேயரும், நம் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரும் கடலோரமாகக் கோட்டை கட்டி உட்கார்ந்ததற்கு நம் நெசவாளர்களின் துணி ஒரு பெரிய காரணம். ஸ்ட்ரட்டும் ஆர்க்ரைட்டும் பார்லிமெண்டில் முறையிட்டு 1774-ல் தடையை எடுக்க வைத்தார்கள். எதற்குத் தெரியுமா? பிரிட்டனில் செய்த பருத்தித் துணிக்கு மட்டும்! அடையாளத்துக்குத் துணியின் கரையில் 3 நீல நூல் ஓட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் அந்த மில் நூலும் மில் துணியும் இங்கேயே வந்து இறங்கின. கையால் நூற்றவர்கள் வேலை இழந்தார்கள். குல்லா பின்னுகிறவனைக் காப்பாற்ற சட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, நம் ஊர் நெசவாளிக்கும் வயிறு உண்டு என்பது மட்டும் ஏன் தெரியாமல் போனது? எனக்கு ஆறவில்லை.

பின்னல் மெஷின் நம் பக்கம் வந்தது ரொம்பத் தாமதமாக. கல்கத்தாவில் 1893-ல் ஆரம்பித்த தொழில், 1925-ல் குலாம் காதர் மூலமாகத் திருப்பூருக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். முதலில் கையால் சுற்றும் மெஷின், வெள்ளை பனியன். 1970-களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் டி-ஷர்ட் வாங்க வந்தார்கள். பிறகு ஐரோப்பா முழுக்கப் போனது. ஒரு காலத்தில் நம் துணியை உடுத்தக் கூடாது என்ற நாட்டுக்கும் போனது. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பனியனுக்குப் போட்ட சாயத்தில் நொய்யல் ஆறு பாழாகி, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் டி-ஷர்ட் கழுத்துப் பட்டியைக் கொஞ்சம் இழுத்து விட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று இருக்கும். குல்லாவில் இருக்கும் அதே ரிப்தான்.