தோற்ற வழக்கு செய்த வேலை

விளையாட்டு வழக்குகளைத் தீர்க்க 1984-ல் சுவிட்சர்லாந்தின் லாசான் நகரில் ஒரு நடுவர் தீர்ப்பாயம் வந்தது. தொடங்கியது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. அதன் தலைமையகமும் லாசான்தான். தீர்ப்பு பிடிக்காவிட்டால் போக வேண்டிய சுவிஸ் உச்ச நீதிமன்றமும் அதே ஊரில்! ஆனால் அங்கே வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த முடியாது. நடுவர்கள் முறையாக அமைந்தார்களா, இரு தரப்பையும் கேட்டார்களா என்பது போன்ற சில விஷயங்களைத்தான் நீதிபதிகள் பார்ப்பார்கள்.

எல்மார் குண்டல் என்ற ஜெர்மன் குதிரையேற்ற வீரர் அதைப் பிடித்துக்கொண்டார். குதிரைக்கு ஊக்கமருந்து என்று சர்வதேச குதிரையேற்றச் சங்கம் தடையும் அபராதமும் போட, 1992-ல் தீர்ப்பாயம் தண்டனையைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை. தீர்ப்பாயமே சுதந்திரமானதல்ல என்று மேல்முறையீடு போனார்.

1993 மார்ச்சில் தோற்றார். குதிரையேற்றச் சங்கத்தின் பிடியில் தீர்ப்பாயம் இல்லை என்றது கோர்ட். கூடவே ஒரு குட்டும் வைத்தது: பணம், விதிகளை மாற்றும் அதிகாரம், உறுப்பினர் நியமனம் எல்லாவற்றிலும் ஒலிம்பிக் கமிட்டியின் கை ஓங்கியிருக்கிறது, நாளை அந்தக் கமிட்டியே எதிர்த்தரப்பானால் என்ன செய்வது? (ஆடிட்டிங் படிக்கிற நமக்கு இது ரொம்பப் பழகிய கதை. முதலாளியின் ஆள் கணக்கைத் தணிக்கை செய்யலாமா?)

அடித்துப் பிடித்து 1994-ல் நிர்வாகத்தையும் நிதியையும் தனிக் கவுன்சிலிடம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் 20 பேர். அதில் 12 பேரை விளையாட்டு அமைப்புகளே நியமித்தன என்பது வேறு விஷயம்.

அந்த 'நாளை' 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் வந்தது. ஊக்கமருந்தில் சிக்கிய ரஷ்யப் பனிச்சறுக்கு வீராங்கனைகள் லாசுதினா, டானிலோவா ஒலிம்பிக் கமிட்டியையே எதிர்த்தார்கள். 2003-ல் கோர்ட், தீர்ப்பாயத்துக்குப் போதிய சுதந்திரம் இருக்கிறது என்றது. இதற்கு உருப்படியான மாற்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னது. எனக்கு அந்தக் கடைசிக் காரணம் மட்டும் ஒட்டவே இல்லை.